அறுபத்தெட்டு கிராம்

பிரேமர்ஹாஃபனில் எட்டு நாளாக விடாத மழை.
துறைமுக எடைமேடையில் ஃப்ராவ்கேவுக்கு வேலை;
நான் வீடு மாறிய அன்று
என் வாடகை வண்டியை அதன்மேல் ஏற்றச் சொன்னாள்.
சாயங்காலம், காலி வண்டியையும்.
கழித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"ஓன்னோ, உன் வாழ்க்கை முந்நூற்றுப் பத்துக் கிலோ.
அதில் நாற்பது வெறும் மணல்."

மணல் எனக்கில்லை,
ஸென்ஃபுக்கு.
ஸென்ஃப் என்றால் இங்கே கடுகு.
காளான் பூக்கும் சுவர்களுக்கு நடுவே
சஹாரா ஓரத்து எலி ஒன்றை வளர்ப்பவன்
பாலைவனத்தை மூட்டையாகத்தான் வாங்க வேண்டும்.

கொழுவால் எலி. பார்த்திருக்க மாட்டீர்கள்.
வருகிறவர்கள் வெள்ளெலியா என்பார்கள்.
இல்லை.
சுண்டெலியா?
அதுவும் இல்லை, வாலைப் பாருங்கள் என்பேன்.
மயிரற்ற, இளஞ்சிவப்பு, சுண்டுவிரல் பருமன்.
ஒட்டகத்துக்கு முதுகில், இதற்கு வாலில்.
பருத்திருந்தால் நலம்;
மெலிந்தால் மருத்துவரிடம் ஓடு.
இத்தனை நேர்மையான உறுப்பு
என்னிடம் ஒன்றுகூட இல்லை.

அவளிடமும் ஒன்று இருந்தது: போக்வூர்ஸ்ட்,
பெயர் தொத்திறைச்சிதான், உருவமும்.
ஒரு கண்காட்சியில், கடைசி டப்பா மாவுப்புழுவின்மேல்
எங்கள் இருவர் கையும் இருந்தன.
பாதிப் பாதி என்றாள்.
இன்றைக்கும் குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில்
அதே டப்பா. அவள் அம்மா ஒருமுறை
ரொட்டியோடு திறந்துவிட்டாள்.
அது வேறு கதை.

நாங்கள் சேர்ந்தோம், அவையும் சேரட்டும் என்று நினைத்தோம்.
குளியல் தொட்டி யாருடைய நிலமும் இல்லை.
நன்றாகத் துடைத்து, நான் துண்டோடு,
அவள் அடுப்புக் கையுறையோடு,
இரண்டையும் இரண்டு முனையில் விட்டோம்.
நாலு நொடி மூக்கும் மூக்கும்.
பிறகு ஒரு கீச்சு; பழுப்பாய் ஓர் உருண்டை சுழன்றது.
வெள்ளைப் பீங்கானில் கடுகளவு ரத்தம்,
கடுகினுடையதேதான்.

டாக்டர் வ்யூபெனா மாடும் குதிரையும் பார்க்கிறவர்.
வால்நுனிக்கு மருந்து தொட்டுவிட்டு
மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்:
"இதுகள் தனியாகத்தான் வாழும் என்று
போன தடவை
நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்?"

ஆகவே எதிரெதிர்ச் சுவரில் இரண்டு கண்ணாடித் தொட்டி.
இரவெல்லாம் இங்கே சக்கரம் ஓடும்,
அங்கே அட்டையைக் கொறிக்கும்.
நடுவில் எங்கள் கட்டில்.

நவம்பரில் ஃப்ராவ்கே
சின்ன அறையைக் கேட்டாள்.
சண்டையா என்றேன். இல்லை.
வேறு யாராவது?
"ஓன்னோ, எனக்குத் தூக்கம் வேண்டும்.
ஒரு கதவும் வேண்டும்."
போக்வூர்ஸ்ட்டின் தொட்டியைத் தூக்க
நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன்.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.
வால் இருந்திருந்தால் மெலிந்திருக்கும்,
அவளும் பார்த்திருப்பாள்.
எனக்கிருப்பது முகம்தான்; அது
எதிலும் சிரிக்கப் பழகியது.

ஞாயிறுதோறும் சமையல் தராசில்
சூப்புக் கிண்ணம் வைத்து எடை.
அது மட்டும் மாறவில்லை. லாரிகளுக்கு எழுதும் அதே கையெழுத்தில்
நோட்டில் எழுதினாள்: போக்வூர்ஸ்ட் எழுபத்தொன்று.
ஸென்ஃப் அறுபத்தெட்டு.
பேனா நின்றது. போன வாரம் எழுபத்திரண்டு.
ஒன்றும் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணிக்குத் தட்டும் சத்தம்.
என் கதவு திறந்தேதான் இருந்தது.
இருந்தும் தட்டினாள்,
கையில் டார்ச், உள்ளங்கையில் ஒரு புழு.
ஸென்ஃப் மல்லாந்து,
நாலு காலும் மேலே, செத்தது போலத் தூங்கினான்.
ஒளியை வாலில் மட்டும் காட்டினாள்.
"பருமன்தான்," என்றாள்.
"பருமன்தான்," என்றேன்.
"நீ?"

மழை ஜன்னலில் எதையோ கொறித்துக்கொண்டிருந்தது.
அவன் விழிக்கட்டும் என்று தரையில் உட்கார்ந்தாள்.
வெகுநேரம் விழிக்கவில்லை.
புழு அவள் கையில் வளைந்தது, நிமிர்ந்தது.
போகும்போது
என் மணலில் கொஞ்சம்
அவள் காலுறையில் ஒட்டிப் போயிற்று,
நடைவழி நெடுக,
சின்ன அறை வரைக்கும்.