கேள்வி பதினேழு

ஒரு கேள்விக்கு முப்பத்தைந்து ரூபாய்.
நாலு விடையில் மூன்று பிழைக்க வேணும்.
சரியை எவரும் எழுதலாம்,
நல்ல பிழைக்குத்தான் மண்டை காய்கிறது.

ஆரையம்பதியில் ஒன்பதரை.
செங்டுவில் நடுச்சாமம்.
பரீட்சைப் பிள்ளைகள் படுத்திருப்பார்கள்;
நானும் ஷூ யுன்னும் கூலிக்கு முழிப்பு.

லகூனில் அவன் நேற்று இறால் கோடிட்ட இடம்
என்று அனுப்பினேன்.
மறுகா வந்தது சிவப்புக் குறிப்பு:
லகூன், மூவாயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள் இல்லை.
ஏரியாக்கவும்.
இறாலை மீனாக்கவும்.

ஆக்கினேன்.
உப்புப் போய்விட்டது.

இன்னொரு குறிப்பு, சிவப்பில்லாமல்:
எங்கள் வினைச்சொல் காலத்துக்கு அசையாது,
பிள்ளைகள் விழுவது அங்கேதான்.
உங்கள் மொழியில் எப்படி?

'பிடித்தான்' என்று
தமிழிலேயே அடித்து விட்டேன்.
கனநேரம் சத்தமில்லை.
வாவிப் பக்கம் யாரோ மோட்டரை இழுத்து இழுத்துப் பார்க்கிறான்,
பிடிக்கவில்லை.

இதில் எது நேற்று, என்று கேட்டாள்.
முதல் புள்ளி நேற்று,
கடைசிப் புள்ளி அவன்.

விடியத் திறந்தால்
பதினேழு திரும்பி வந்து கிடக்கு, பச்சை அடையாளத்தோடு.
ஏரி ஏரிதான்.
மீன் மட்டும்
மறுபடி இறாலாகியிருந்தது.

அந்தச் சொல் பட்டியலில் உண்டா என்று
நான் தேடவில்லை.