காற்று விடுமுறை

காலை பத்தேகாலுக்குக் காற்றுமானி சிவந்தது.
தென்மேற்கு.
இனி ஒரு கண்டெய்னரும் தூக்கக் கூடாது.
டர்பன் துறைமுகத்தில் என் கிரேனைப்
பூட்டி, முள் இறக்கி,
நாற்பது மீட்டர் ஏணியும் படியுமாய் இறங்கி
பேவ்யூ வீட்டுக்கு வந்தேன்.
சாப்பாட்டு மேசையில் ஒன்பது நாளாய்
அட்டைப்பெட்டிகள்.
நின்றபடி சாப்பிட்டுப் பழகிவிட்டது.

கேபினட் மட்டும் மேசையில் ஏறாது.
தரையில் நிற்கிறது, இருபத்தியொரு கிலோ,
கறுப்பு, ஒரு பக்கம் கண்ணாடி.
கொண்டுவந்து இறக்கிய பையன் கேட்டான்,
"ஃப்ரிட்ஜா ஆன்ட்டி?"
கடைக்காரர் வெர்னன் பெருமாள் போனிலேயே சொல்லிப் பார்த்தார்:
நீங்கள் வாங்கும் போர்டுக்கு இதில் பாதி போதுமே.
போதும்தான்.
எட்டு மணி நேரம் கண்ணாடிக் கூண்டில்
முழங்காலுக்கு நடுவே குனிந்து
கப்பலைப் பார்க்கிறவளிடம்
போதும் என்ற சொல்லைக் கொண்டுவராதீர்கள்.

முதலில் பிராசசர்.
மூலையில் ஒரு பொன் முக்கோணம்,
போர்டில் அதற்கு ஜோடி.
வைக்க வேண்டும், அழுத்தக் கூடாது.
இது எனக்குத் தெரியும்.
முப்பது டன் பெட்டியின் நான்கு மூலைத் துளைகளில்
நான்கு பூட்டும் இறங்கும்போது
கை இப்படித்தான் மூச்சைப் பிடிக்கும்.
லிவரை மடக்கினேன். நறநறவென்றது.
பதினாறாயிரம் ரேண்ட் பல்லைக் கடித்தது.
நானும்.

பசை, பட்டாணி அளவு என்று போட்டிருக்கிறது.
எந்தப் பட்டாணி?
காய்ந்ததா, மட்டனோடு வெந்ததா?
நடுவாந்திரமாக ஒன்றை வைத்து
அதன்மேல் குளிர்விக்கும் கோபுரத்தை முடுக்கினேன்.
ஒரு ஸ்க்ரூ விழுந்தது.
பெரிய பெட்டி வாங்கினால்
ஒளிந்துகொள்கிறவர்களுக்கும் இடம் தாராளம்.

மூன்று மணிக்கு சிபொனெலோ அழைத்தார், ஷிஃப்ட் ஃபோர்மேன்:
இன்னும் இறங்கவில்லை, தூங்கு.
கூரைத் தகடு அடித்துக்கொண்டது.
பக்கத்து வீட்டுப் பள்ளிச்சட்டை ஒன்று
எங்கள் வேலிக் கம்பியில் வந்து
இரண்டு கையும் விரித்து நின்றது.

கிராஃபிக்ஸ் கார்டு. என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை.
நாற்பத்தாறு ஓவர்டைம் இரவுகள்.
உறையின் அடியில் பொடி எழுத்தில் ஷென்ஜென்.
அங்கிருந்து வரும் சரக்கு எங்கள் துறையில்தான் இறங்குகிறது.
ஜூலையோ ஆகஸ்டோ,
நீலமோ துருப்பிடித்த சிவப்போ,
ஏதோ ஒரு பெட்டியை
கொட்டாவியோடு தூக்கி
லாரிமேல் வைத்திருப்பேன்.
இப்போது இரண்டு கையாலும் ஏந்துகிறேன்.
இரண்டரைக் கிலோ.
கிரேன் இதை உணர்ந்தே இருக்காது.

கேபிள்கள் பற்றிப் பேசவேண்டாம்.
முன்பக்கம் கண்ணாடி,
பின்பக்கம் மட்டும் இரும்பு மூடி.
ஏனென்று, முழங்காலை வைத்து அழுத்தி
அதை மூடும்போது புரிந்தது.

கடைசியாக விசிறிகள்.
முன்னால் மூன்று, உள்ளே இழுக்க.
மேலே மூன்றும் பின்னால் ஒன்றும், வெளியே தள்ள.
ஒவ்வொன்றின் விளிம்பிலும் சின்ன அம்பு.
இந்த ஊரில்
காற்று எந்தப் பக்கம் போகவேண்டும் என்று
நான் சொல்ல முடிகிற இடம்
இது ஒன்றுதான்.

பொத்தானை அழுத்தினேன்.
ஏழும் சுழன்றன. திரை கறுப்பு.
போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு, அசையாமல்.
முதல்முறை மெமரி தன்னைப் பழக்கிக்கொள்ளும்,
சில நிமிடம் ஆகலாம், அணைக்காதீர்கள்,
என்கிறது கையேடு.
ஒரு நிமிடம். இரண்டு.
விரல் பொத்தானுக்குப் போய்ப் போய்த் திரும்பியது.
தொங்கும் பெட்டி ஆடினால்
அவசரப்பட்டு இறக்காதே,
ஆட்டம் அடங்கட்டும் என்று
புதிதாய் வருகிறவர்களிடம் நானே கத்தியிருக்கிறேன்.
நான்காவது நிமிடம்
திரையில் வெள்ளையாய் ஒரு வரி:

விசைப்பலகை காணவில்லை.
தொடர ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும்.

சிரித்து முடிப்பதற்குள் போன் அதிர்ந்தது.
சிபொனெலோ:
முப்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. ஏழு மணிக்கு வா.

வேலியிலிருந்த சட்டையை எடுத்து
அவர்கள் கேட்டில் மாட்டினேன்.
உள்ளே ஏழு விசிறியும்
ஓடிக்கொண்டிருந்தன.
அணைக்கவில்லை.