மறை நாற்பது

சுன்னாகம் சந்தை, வெங்காய வரிசையில் மூன்றாவது கடை.
ஒன்றும் வைக்காத தராசு
மறை நாற்பது கிராம் காட்டியது.

நான் நிறுவைப் பரிசோதகர். பன்னிரண்டு வருடம்.
வெல்வெட் பெட்டியில் பித்தளைப் படிகள்,
பையில் முத்திரை, ஈயக் குண்டு, குறடு.
தட்டின் கீழ் ஒட்டிய காந்தம் கண்டிருக்கிறேன்.
அடி குடைந்த படிக்கல் கண்டிருக்கிறேன்.
மீன்கடையில், தட்டின் விளிம்பில்
ஈயைப்போல வந்து அமரும் சின்னவிரலை
எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன்.
எந்தத் தராசு பிழைத்தாலும்
கடைக்காரன் பக்கம்தான் பிழைக்கும்.
இது
வாங்குபவர் பக்கம் பிழைத்திருந்தது.
கிலோ கேட்டவருக்கு நாற்பது கிராம் கூட.
கால்கிலோ கேட்டவருக்கும் அதே நாற்பது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவள்.
ஏற்றத்துக்கு இரண்டு குறி: நேர், மறை.
காந்தத்துக்கு இரண்டு முனை.
திணிவுக்கு மட்டும் ஒன்றே ஒன்று.
எல்லாம் எல்லாவற்றையும் இழுக்கும்;
எதுவும் எதையும் போ என்று தள்ளாது.
"எதிரீர்ப்பு எண்டு ஒண்டு இருக்காதா சேர்?"
பின்வாங்கில் யாரோ கேட்டார்கள்.
"சோதினைக்கு வராது" என்றார்.

வராதுதான். ஆனாலும் தேடியிருக்கிறேன்.
இந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே
உப்புத்தண்ணீரின் முதுகில்
நல்லதண்ணீர் மிதக்கிறது.
கிணறு வைத்த ஒவ்வொரு வளவும்
அந்த மிதப்பைத்தான் குடிக்கிறது.
அதுவா? இல்லை.
உப்பு இன்னும் பாரமாய் இறங்குவதால்
இது மேலே நிற்கிறது, அவ்வளவுதான்.
துலா எழும்புவது? மறுமுனை தாழ்வதால்.
தை மாதம் வல்வெட்டித்துறைக் கரையில்
விண் கூவும் பட்டம்? காற்று.
நூலை விட்டுப் பார், தெரியும்.
எழும்புவதெல்லாம்
வேறொன்று விழுந்த கணக்கு.
அந்தக் கணக்கில் மீதி வந்ததே இல்லை,
இந்த நாற்பது கிராமைத் தவிர.

கடைக்காரர் பெயர் சிவகடாட்சம்.
"தராசு பிழை. தெரியுமோ?"
"ஓம்."
"எவ்வளவு காலம்?"
"போன ஆவணியில இருந்து."
"இந்தப் பொத்தானை அமத்தினால் பூச்சியம் வருமே."
"தெரியும், பிள்ளை."

காய்ந்த தாள் ஒன்றைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்.
"அவ ஒரு பிளாஸ்ரிக் தட்டு வச்சுத்தான் நிறுப்பா.
தட்டை வச்சிட்டுப் பொத்தானை அமத்துவா.
தட்டு அவவோட போட்டுது.
நான் இதை அணைக்கேல்லை.
இரவில சார்ஜில போட்டு விடுறன்."

தட்டு எங்கே, அவர் எங்கே?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இரண்டு இருபது கிராம் படிகளை எடுத்து
தராசின் நடுவில் வைத்தேன்.
எண்கள் தடுமாறிப் பூச்சியத்தில் நின்றன.
அவர் பித்தளையைப் பார்க்கவில்லை.
பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வெங்காயம் கேட்டு வந்த பெண்ணுக்கு
"பொறுங்கோ" என்றார், திரும்பாமல்.
படிகளை எடுத்தேன். மறுபடி மறை நாற்பது.
கழித்ததற்கும் ஒளித்ததற்கும்
நாங்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

பிழை எந்தப் பக்கமானாலும் பிழை.
சட்டம் அப்படித்தான்.
பொத்தானை நான்தான் அமத்தினேன்.
கீச் என்று ஒரு சத்தம்.
முத்திரை வைத்தேன், பற்றுச்சீட்டு எழுதினேன்,
திகதி போடும்போது பேனா எழுதவில்லை,
அவருடைய பேனாவை வாங்கி எழுதினேன்.

காசு கொடுத்து அரைக்கிலோ வாங்கினேன்.
ஐந்நூறு. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.
பையை முடியுமுன்
எங்கேயோ பார்த்தபடி
கையால் ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

வீட்டில் முத்திரை குத்திய தராசு ஒன்று உண்டு.
பை இரண்டு நாளாகக்
குசினி ஆணியில் தொங்குகிறது.