கரையில் ஒருவர்

டப்பாக்களின் தாள்களை உரித்துக்கொண்டிருக்கிறோம்.
ஈரம் பட்டால் பசை விட்டு
பம்பில் போய் அடைத்துக்கொள்ளுமாம்.
வெறும் தகரத்தின் மேல் மார்க்கரால்
கடலை, பூசணி, சூரை என்று
மகிழ்மதி எழுதுகிறாள், தமிழில்.
படிக்கத் தெரியாத கீத்
‘க’ போட்டதையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான்.
அதில் பாதி கணவாய் என்று
யாரும் சொல்லவில்லை இன்னும்.

ஃப்ரீமேண்டிலில் பகல் சாய்ந்ததும் எழும் கடற்காற்றுக்கு
டாக்டர் என்று பெயர்.
வந்து பாய்மரத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது.
தங்கை வாந்தி மாத்திரைகளை எண்ணுகிறாள்,
மூன்றாம் தடவை.
நூற்றிருபது முட்டைக்கும் வேஸ்லீன் தடவியாயிற்று.
படகின் நீர்க்கோடு நான்கு விரல் உள்ளே போய்விட்டது.
“அரிசியைக் குறை” என்கிறான் நிருபன்.
“உன் புத்தகங்களைக் குறை.”
இருவரும் குறைக்கவில்லை.
கோட்டை அழித்து
மேலே புதிதாக ஒன்று வரைகிறோம்.

பிறகு அந்தப் படிவம்.
படகின் நிறம் வெள்ளை. ஆட்கள் ஆறு.
ரோட்ரிக்ஸ் தீவு சேரும் நாள், பென்சிலால்.
கரையில் தொடர்புக்கு ஒருவர்:

பேனா நிற்கிறது.
ஆபத்தென்றால் யாரையெல்லாம் கூப்பிடுவோமோ
அவர்கள் அத்தனை பேரும் இங்கேதான்
முட்டியோடு முட்டி இடித்தபடி
தாள் உரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் பல் மருத்துவரின் பெயரை எழுதுகிறோம்.
போனில் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, “சரி.
நாற்பது நாளும் தாண்டிவிட்டால்
நான் யாரிடம் சொல்ல வேண்டும்?”

எழுத விட்டுப்போன ஒரு டப்பாவை
கீத் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டிருக்கிறான்.