ஒற்றுப்பிழை

திங்கள் ராத்திரி.
கீழே ஜவுளிச் சந்தைக்கு மூட்டை இறங்குகிறது.
மேலே, அச்சக மாடியில்,
ஒரு முன்னாள் அமைச்சரின் மானம் என் மேசையில்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மெய்ப்புப் பார்க்கப் பக்கத்துக்கு ஒன்பது ரூபாய்.

எழுதியவர் சென்னியப்பன்.
பத்தொன்பது வருஷம் அவருக்கு நேர்முக உதவியாளர்.
தான் ஓய்வு பெற்று, பென்ஷன் ஆணை கைக்கு வந்து,
அமைச்சர் இரண்டு தேர்தல் தோற்று,
சர்க்கரையில் அவருக்கொரு கால்விரலும் போன பிறகு
இனி மறைக்க முடியாது என்று
முன்னுரையில் சொல்கிறார்.

முதல் இருபது பக்கம் கொடுத்துவிட்டுக் கேட்டார்:
"பிழை நெறைய இருக்குதுங்களா?"
"ஒற்றுப்பிழைதானுங்க."
முகம் ஒரு நொடி வெளுத்தது.
க், ச், த், ப் என்று விளக்கினேன்.
ஒற்று என்றால் வேவு என்றும் பொருளுண்டே,
அது எனக்கு உறைத்தபோது
அவர் படியிறங்கிப் போயிருந்தார்.

ஏழாம் அத்தியாயம்,
பெருந்துறையில் பெட்டி கைமாறிய இரவு.
பெட்டியின் நிறம் இருக்கிறது.
அன்றைக்குப் பரிமாறியது பள்ளிபாளையம் கோழி,
மிளகாய் தூக்கல் என்பதுகூட இருக்கிறது.
வண்டியில் பெட்டியை வைத்த கை மட்டும் இல்லை.
"வைக்கப்பட்டது" என்றிருக்கிறது.

கோப்பு மறைக்கப்பட்டது.
தேதி திருத்தப்பட்டது.
செய்தி கசியவிடப்பட்டது.
அரசாங்கத் தமிழில் ஆளே இல்லாமல் எல்லாம் நடக்கும்,
பூட்டின வீட்டில் குழாய் ஓடுகிற மாதிரி.
பாலம் கட்டின பக்கத்தில் மட்டும் ஆள் வருகிறார்:
"நான்தான் முதலில் குறிப்பெழுதினேன்."

பக்கம் நூற்று நாற்பத்து மூன்று.
"சாயக் கழிவால் கிணறு கெட்டதென்று
சில விவசாயிகள் வந்தனர்.
அமைச்சர் மனுவைப் பிரிக்கக்கூட இல்லை.
விவசாயிகளுக்கு பதில் அனுப்பப்பட்டது."

அந்தச் சிலரில் எங்கப்பாவும் ஒருத்தர்.
எனக்குப் பதினொரு வயசு.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் எங்கள் கிணத்துத் தண்ணி,
செங்காவி நிறம்,
மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.
வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர்
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி எண் போட்டார்.
"வெச்சுட்டுப் போங்க, ஐயா பாத்துக்குவாரு."
பாட்டிலை மேசைக்கடியில் காலால் தள்ளினார்.
அவர்தானா?
வெள்ளைச் சட்டைகள் எத்தனையோ.
ஆனால் முன்பண ரசீதில் கையெழுத்துப் போடும்போது
சென்னியப்பன் மூடியைப் பல்லில்தான் கடித்தார்.

பென்சிலை எடுத்தேன்.
"விவசாயிகளுக்கு" பக்கத்தில் ஒரு ப் சேர்த்தேன்.
வாக்கியம் இப்போது சரி.
வராத பதிலுக்கும் வல்லினம் மிகும்.

அப்புறம் தலைப்பிலிருந்து திரும்ப ஒரு சொல்லைத் தேடினேன்.
நம் பக்கம் எந்த ஆபீஸிலும்
மேசைக்கு மேசை கேட்கிற சொல்.
பத்தொன்பது வருஷத்தில்
அவர் வாய் ஒரு லட்சம் தடவையாவது சொல்லியிருக்கும்.
சரிங்க.
பெட்டியை எடு என்றபோது.
தேதியை மாத்து என்றபோது.
அவனுகளை நாளைக்கு வரச்சொல் என்றபோது.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
ஒரு சரிங்க இல்லை.

சில என்பதைச் சுழித்து
ஓரத்தில் எழுதினேன்: எத்தனை பேர்?

புதன்கிழமை வந்தார்.
மூடியைக் கடித்துக்கொண்டு
அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார்.
நாற்பத்தொன்று என்று எழுதினார்.
அடித்தார்.
"சில-ன்னே இருக்கட்டுங்க.
புஸ்தகம் அவரைப் பத்தினதுதானுங்களே."

சரிங்க என்றேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு ரூபாய்.
சில்லறை இல்லையென்று பத்தாகக் கொடுத்தார்.
மீதி இரண்டு ரூபாய்
வேண்டாமென்று சொல்லிவிட்டார்.