இரண்டாவது ஏழு

முந்நூற்றி நாலு கட்டு, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை
என்று பெட்டி மூடியில் பொன்னெழுத்தில் அடித்தோம்,
ஸ்ரான்லி வீதியில்,
கரண்ட் இரண்டு தரம் போய் வந்த ஒரு புதன்கிழமை.

மெஷினுக்கு முந்நூற்றி நாலு தெரியாது.
ஆயிரத்துக்குக் குறைய ஓட்டினால் கட்டாது என்று
இம்மானுவேல் அண்ணை சொல்ல,
ஸ்காபரோவில் இருந்து நிரோஜன் சொன்னான்:
"ஆயிரம் அடியுங்கோ. மிச்சத்தை அழிச்சுப்போட்டு
ஒரு கடிதம் தாங்கோ. கையெழுத்தோட."

பின்பக்கம் பனை. வேறென்ன.

அறுநூற்றித் தொண்ணூற்றாறு கட்டையும்
வெட்டு மெஷினுக்கு நான்தான் கொடுத்தேன்.
கீலம் கீலமாய் ராசாக்கள்.
ஆடுத்தன் ராணியின் ஒரு கண்
செருப்பில் ஒட்டி வீடுவரை வந்தது.
ஒரு மை கசியவில்லை, ஒரு ஓரம் கோணவில்லை,
நாலு சாக்கும் நல்ல சாமான்.
"அழிக்கப்பட்டது" என்று எழுதி ஒப்பமிட்டேன்:
ப. தர்மினி.

அந்த மேசை லாச்சியில் ஒரு பழைய கணக்குக் கொப்பி.
தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு.
தாள் வராத மாதம் கலியாணக் காட்டைப்
பள்ளிக்கூடக் கொப்பி ஒற்றையில் அடித்திருக்கிறார்கள்;
மாப்பிள்ளை பெயருக்கு ஊடாக நீலக் கோடு ஓடுகிறது.
அப்போதும் யாரோ எங்கேயோ இருந்து
இவ்வளவுதான் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள்:
பற்றரி, சவர்க்காரம், மண்ணெண்ணெய்.
அதற்குப் பெட்டி செய்யவில்லை.

இலக்கம் கையால் எழுதவேண்டும், விலையே அதுதான்.
ஏழு எழுதி வைத்துச் சோறு தின்னப் போனேன்.
வந்திருந்து
திரும்பவும் ஏழில் தொடங்கினேன்.
பின்னேரம் பெட்டி முடிந்தபோது
பேனை முந்நூற்றி மூன்றில் நின்றது.
கதவைப் பார்த்தேன். அண்ணை ரீ குடிக்கப் போயிருந்தார்.
ரேப் ஒட்டினேன்.

மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை.
பிறகு ஒஸ்லோவில் ஒருவரும் மெல்பேர்னில் ஒருவரும்
தங்கள் தங்கள் ஏழைப் படம் எடுத்துப் போட்டார்கள்.
வேலை போச்சு என்று இருந்தேன்.
நிரோஜன் எடுத்தான், சிரித்துக்கொண்டு:
"அக்கா, அந்த ரெண்டு ஏழும் இப்ப பத்து மடங்கு.
அடுத்த பதிப்பில இன்னும் ரெண்டு பிழை விடுங்கோ."
முந்நூற்றி நாலு? என்றேன்.
"அது என்னட்ட இருக்கு, விக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.
கேள்வி ஏறிக்கொண்டு போகுது."

இல்லாத பெட்டிக்கு ஆயிரத்து எண்ணூறு டொலர்.
அதன் பனையை யோசித்துப் பார்த்தேன்.

பிழை விட இருந்து பார்த்தேன்.
பதினொன்றை இரண்டு தரம் எழுதினால்
இரண்டாவது பதினொன்று வேண்டுமென்றே என்னைப் பார்க்கிறது.
அழித்தேன். கை நடுங்கியதுபோல் எழுதினேன்,
வடிவாக நடுங்கியிருந்தது.

உண்மை என்னவென்றால்
அழித்தது அறுநூற்றித் தொண்ணூற்றைந்து.

மிஞ்சிய ஒன்று குருநகரில் இருக்கிறது,
என் தம்பி றெஜிசும் கூட்டாளிகளும் வலை போடும் கொட்டிலில்,
இலக்கமில்லாமல், பெட்டியும் இல்லாமல்
(பெட்டியில் இப்போது தூண்டில் முள்).
ரெண்டில் இருந்து ஆறுவரை இருபது சீட்டையும்
முதல் நாளே ஒதுக்கி
வள்ளக் கணக்கு எழுத எடுத்துவிட்டார்கள்.
முப்பத்திரண்டும் உப்பில் ஊறித் தடித்துவிட்டது.
ஒன்பதில் மீன் செதில் ஒட்டியிருப்பது
நாலு பேருக்கும் தெரியும்;
தெரியாத மாதிரிக் கேட்கிறார்கள்.

நேற்று நானும் நின்று பார்த்தேன்.
ஒருவன் ஆசை இறக்கினான், பதினொரு புள்ளி,
கையை உயர்த்திக்கூட விட்டான்.
றெஜிஸ் ஒரு கலாவரை ஏழை
மெதுவாக, ஈரப் பலகையில் வைத்தான்.
ஏழுக்குப் புள்ளி இல்லை. ஆனால் துரும்பு.

கொட்டில் அதிரக் கத்தினார்கள்.
என் போன் பொக்கற்றுக்குள் துடித்தது, கனடா நம்பர்.
"அக்கா, தள்ளி நில்லுங்கோ, வெளிச்சத்தை மறைக்கிறியள்"
என்றான் தோற்றவன்,
சீட்டைக் கலைத்துக்கொண்டு.