பதினான்காம் தேதியால்

கிரிம்ஸ்பி நூலக மாடியில் செவ்வாய் மாலை வகுப்பு.
ஹீட்டர் ஒன்றுதான். அதை ஒட்டி மீன் ஆலைக்காரர்கள்.
எத்தனை சோப்பு போட்டாலும்
ஹாடக் வாடை முழங்கைவரை ஏறி
உட்கார்ந்திருக்கிறது.

பலகையில் மார்னி எழுதுகிறாள்:
கையுறைகள் அணியப்பட வேண்டும்.
கத்திகள் கழுவப்பட வேண்டும்.
பைகள் சோதிக்கப்படலாம்.
யாரால் என்பதை விட்டுவிடலாம் என்கிறாள்,
இந்த மொழியில் அது ஒரு மரியாதை.

ரிம்விதாஸ் பின்வரிசையிலிருந்து:
என் பையைச் சோதிப்பவன் பெயர் டேரன்.
சாண்ட்விச்சை முகர்ந்து பார்ப்பான்.

அடுத்து, வால் முளைத்த வினைகள்.
லுக் இன்டு. டீல் வித். ஸ்பீக் டு.
செயப்பாட்டில் போட்டால்
பெயர்ச்சொல் முன்னால் ஓடிப்போய் ஏறிக்கொள்ளும்;
வால் மட்டும் வாக்கியத்தின் கடைசியில்
பஸ்ஸைத் தவறவிட்டவன்போல் நிற்கும்.
உங்கள் புகார் வில் பீ லுக்ட் இன்டு.

லெதெபிர்ஹான் கையைத் தூக்குகிறார்.
ஐம்பத்தாறு வயது. அஸ்மாராவில் கணக்கு எழுதியவர்,
இங்கே முள் எடுப்பவர்.
இந்தக் கடிதம் எனக்கும் வந்தது.
உள்ளே பார்க்கப்படும் என்று புரிந்துகொண்டேன்.
மூன்று சனிக்கிழமை வீட்டைத் துடைத்து,
காப்பிக்கொட்டை வறுத்து,
கதவைத் திறந்தே வைத்தேன்.
உள்ளே பார்க்க ஒருவரும் வரவில்லை.
கூரை மூலையிலிருந்து பூஞ்சைதான்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுக்கிறார்,
நான்காக மடித்தது.
வீடு காலி செய்யப்பட வேண்டும்
பை த ஃபோர்ட்டீன்த்.
பை என்றால் 'ஆல்' என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?
இதிலாவது ஆளை எழுதியிருக்கிறார்கள்.
யார் இந்தப் பதினான்காமவர்?
எந்த அறையில் இருப்பார்?
நேரில் போய்ப் பேசிப் பார்க்கிறேன்.

யாரும் சிரிக்கவில்லை.
செர்பெஸ்ட் தன் போனில் காலண்டரைத் திறந்து
மெதுவாக அவர் பக்கம் நகர்த்துகிறான்.
இன்றைக்கு ஆறு.

தமிழில் இந்த வினைக்குத் துணை 'படு'.
அடிபடு, அவதிப்படு, கடன்படு:
செய்தவன் ஒளிந்துகொண்டாலும்
பட்டவன் முகம் சொல்லிலேயே தெரியும்.
ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'பீ'.
பீ என்றால் இரு.
சும்மா இரு.

மார்னி கடிதத்தை வாங்கிப் படிக்கிறாள்.
மூன்றாம் பத்தியில் ஒரு காற்புள்ளி
இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது.
அந்தக் காற்புள்ளியை அவளுக்குத் தெரியும்.
நாலு வருஷத்துக்கு முன்னால்,
நகராட்சியில், அவளுடைய பகல் வேலையில்,
இந்தப் படிவத்தை அடித்துக் கொடுத்தபோது
மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

பதினான்கு தேதி, என்கிறாள். ஆள் இல்லை.
அப்படியானால் ஆள்?
மார்க்கரின் மூடியைத் திறக்கிறாள்.
மூடுகிறாள்.
திறக்கிறாள்.

பாடத்தில் இரண்டு பக்கம் மிச்சம். விட்டுவிட்டார்கள்.
லெதெபிர்ஹான் பதில் எழுதுகிறார்,
ஒவ்வொரு எழுத்தையும் பேரேட்டில் பதிவதுபோல.
கூரை பழுதுபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.
ஷுட் ஹாவ் பீன்.
என்னிடம் பேசப்பட்டிருக்க வேண்டும்.
ஷுட் ஹாவ் பீன் ஸ்போக்கன் டு.
வால் சரியான இடத்தில் நிற்கிறது.
அதற்கப்புறம் ஒரு விரற்கடை இடம் விட்டு
நிமிர்கிறார்.
பை யூ. போடலாமா?
இலக்கணப்படி போடலாம்.
மரியாதைப்படி?
போடுங்கள்.

நூலகம் எட்டரைக்கு மூடப்படும் என்கிறது கதவு.
மூடுகிற கீத் படிக்கட்டில் சாவிக்கொத்தோடு
இருமிக்கொண்டிருக்கிறார்.
பெறுநர் என்று யாரை எழுத?
துறையின் பெயர் போதும் என்றுதான்
வாயைத் திறந்தாள் மார்னி.
பிறகு தன் பெயரை
எழுத்து எழுத்தாகச் சொல்கிறாள்.
பிளாஞ்சர்ட்.
இல்லை, ஒரே எல்.
கடைசியில் டி.